தொடங்குவதே ஒரு தனி வேலை: கவனம் சிதறும் பிள்ளையை வகுப்பு வேலைக்குத் தயார்படுத்துவது எப்படி?

“எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க, பயிற்சி 2.1ல முதல் மூணு கணக்கு மட்டும் போடுங்க, மார்ஜின் போட மறக்காதீங்க, புதுப் பக்கம் வேண்டாம், நேத்து விட்ட இடத்துலேர்ந்தே எழுதலாம், பத்து நிமிஷம்தான் டைம், பேசாம போடணும்.”

ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, முந்தின பீரியடில் எழுதியதை அழிக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷம் கழித்து நோட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டோ மூன்றோ கணக்கைப் போட்டிருப்பார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருவனுடைய நோட்டில் மட்டும் மார்ஜின் கோடு இருக்கும், தேதி பாதி இருக்கும், அவ்வளவுதான். டைரியில் என்ன எழுதப்படும் என்று நமக்கெல்லாம் தெரியும்: “வகுப்பில் கவனிப்பதில்லை. வேலையை முடிப்பதில்லை.”

அந்தப் பத்து நிமிஷமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கதையே வேறு. பைக்குள் கையை விட்டான். எல்லா நோட்டுக்கும் ஒரே பிரவுன் அட்டை. ஒன்றை உருவினான், சமூக அறிவியல். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான், அதுவும் கணக்கு இல்லை, ஆனால் அதற்குள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டிய சர்க்குலர் மடிந்து கிடந்தது, பிரித்துப் படித்தான், ஐயோ என்று இருந்தது, மறுபடி மடித்து வைத்தான். ஒரு வழியாகக் கணக்கு நோட்டு கிடைத்ததும் பென்சிலை எடுத்தால் முனை உடைந்திருக்கிறது. ஷார்ப்னர் கேட்டான், பக்கத்துப் பையன் “தொந்தரவு பண்ணாதடா” என்றான். பென்சிலைச் சீவி, துகளை ஊதி, மார்ஜின் போட்டு நிமிர்ந்தபோது எந்தப் பயிற்சி என்பது மறந்துவிட்டது. பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தான். “என்ன, காப்பியா?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. குனிந்துகொண்டான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கவனியுங்கள், அவன் கணக்குக்குள் போகவே இல்லை. பின்னத்தைக் கூட்டத் தெரியுமா தெரியாதா என்பது நமக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை. ஒரு வேலையைச் செய்யத் தெரிவது ஒன்று, அதைத் தொடங்க முடிவது இன்னொன்று. இந்த இரண்டாவதை உளவியலில் ஒரு தனித் திறனாகவே பார்க்கிறார்கள். திட்டமிடுவது, குறுக்கே வரும் உந்துதலை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்று மூளையின் முன்பகுதியைப் பெரிதும் நம்பியிருக்கும் சில திறன்களைச் சேர்த்து ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்க்ஷன்’ என்பார்கள். தொடங்கும் திறனும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே வயதில் ஒரே அளவுக்கு வந்துவிடாது. மூளையின் இந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடுகிறது, பதினோரு வயதுப் பிள்ளையிடம் அது பாதி வழியில்தான் இருக்கும்.

ஏன் மாட்டிக்கொள்கிறான்?

முதல் காரணம், சொன்னது தலையில் தங்கவில்லை. கேட்ட விஷயத்தைச் சில விநாடிகள் மனசில் பிடித்து வைத்துக்கொண்டே வேறொன்றைச் செய்ய உதவும் நினைவுக்கு ‘வொர்க்கிங் மெமரி’ என்று பெயர். இதன் கொள்ளளவு ரொம்பச் சின்னது. 1956ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று சொன்னது பிரபலம். 2001ல் நெல்சன் கோவன், இல்லை, பெரியவர்களுக்கே கிட்டத்தட்ட நாலுதான் என்று வாதிட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு, கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்கு அதிலும் குறைவு. இப்போது மேலே உள்ள அந்த ஒற்றை வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள், அதில் ஏழு கட்டளை இருக்கிறது. இரண்டு கையிலும் தம்ளர் பிடித்திருப்பவரிடம் மூன்றாவதை நீட்டினால் அவர் அதை வாங்குவதற்குள் கையில் இருப்பது நழுவும், இங்கேயும் அதேதான் நடக்கிறது. நழுவியது எது என்பதுகூட அவனுக்குத் தெரியாது, அதனால் கேட்கவும் மாட்டான்.

இரண்டாவது, வழியில் கிடக்கும் எதுவும் அவனை இழுத்துவிடும். அந்த சர்க்குலரை நீங்களோ நானோ பார்த்திருந்தால் “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளியிருப்போம். அந்தத் தள்ளும் வேலையைத்தான் அவன் மூளை சரியாகச் செய்வதில்லை. மூன்றாவது, நேரம். கவனக் குறைபாட்டைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வார். பத்து நிமிஷம் என்றால் நமக்கு ஓர் அளவு மனசில் தட்டுகிறது. அவனுக்கு இப்போது, இப்போது இல்லை என்ற இரண்டே நேரங்கள்தான்.

நாலாவது காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை: பயம். பலமுறை பாதியில் நின்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். தொடங்காமலே இருந்தால் தப்பாகப் போட வழியில்லையே! வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

“டிவி முன்னாடி மட்டும் மணிக்கணக்கா அசையாம உட்கார்றானே, அப்போ மட்டும் கவனம் எங்கேர்ந்து வருது?” என்று கேட்காத அம்மா அப்பா இல்லை. நியாயமான கேள்விதான். இந்தப் பிள்ளைகளிடம் கவனமே இல்லை என்பதல்ல, வேண்டிய இடத்தில் அதைத் திருப்பி வைக்கத்தான் சிரமப்படுகிறார்கள். கார்ட்டூனும் மொபைல் கேமும் ஒவ்வொரு சில விநாடிக்கும் ஏதாவது புதுசாகக் கொடுத்து அவனை இழுத்துப் பிடிக்கின்றன, அவன் தன் பங்குக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பின்னக் கணக்கு அப்படி இழுக்காது, அவன்தான் அதனிடம் போக வேண்டும்.

உதவி எங்கே இருக்க வேண்டும்?

பார்க்லியின் இன்னொரு கருத்து ஆசிரியர்களுக்கு ரொம்பப் பயன்படும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய அந்த நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் என்பார். அதனால் உதவியும் அந்த இடத்தில், அந்த நொடியில் இருக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் அறிவுரை சொன்னால் அவன் மனப்பூர்வமாகத் தலையாட்டுவான், நாளைக்கு ஒழுங்காக இருப்பேன் என்று உண்மையாகவே நினைத்துத்தான் சொல்வான். மறுநாள் கணக்குப் பீரியடில் கையைப் பைக்குள் விடும்போது அந்த அறிவுரை அங்கே இருக்காது. மார்க் குறைந்த பிறகு வரும் தண்டனையும் இப்படித்தான், நடக்க வேண்டிய இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி நிற்கிறது.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஒரு குறுகிய இடைவெளியை மட்டும், ஆசிரியர் சொல்லி முடிப்பதற்கும் பிள்ளை முதல் வரியை எழுதுவதற்கும் நடுவில் உள்ளதை. அதற்குள் அவன் தடுக்கி விழும் கல் எதெது என்று பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டால் போதும். பாதிக் கற்கள் பைக்குள்ளேயே கிடக்கின்றன.

நோட்டு அட்டையைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பிரவுன் பேப்பர் போட்டு, மூலையில் ஒரு லேபிள் ஒட்டுவது நம் ஊர்ப் பள்ளிகளின் பழக்கம். அடுக்கி வைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பைக்குள் செங்குத்தாக நிற்கும் எட்டு நோட்டில் லேபிள் எதுவும் கண்ணில் படாது, முதுகுப்பக்கம் மட்டும்தான் தெரியும். அந்த முதுகில் கணக்குக்குச் சிவப்பு, தமிழுக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம் என்று ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டு, “சிவப்பு நோட்டை எடுங்க” என்று சொல்லுங்கள். பிரவுன் அட்டையும் அப்படியே இருக்கும், பள்ளி விதியும் மீறப்படாது. இதை வகுப்பு முழுக்கச் செய்துவிட்டால் யாரும் யாரையும் தனியாகப் பார்க்க மாட்டார்கள்.

பென்சில், ஷார்ப்னர், ஸ்கேல் விஷயத்தில் ஆசிரியர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. “பொருளைக் கொண்டுவருவதும் ஒழுக்கம்தானே, நான் ஏன் கொடுக்கணும்?” என்பது ஒன்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பென்சில் கொண்டுவரப் பழக்குவது தனிப் பாடம், அதைக் கணக்குப் பீரியடைப் பலி கொடுத்து நடத்த வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு டப்பாவில் சீவின பென்சில் நாலைந்து இருக்கட்டும், எடுத்துக்கொள்ளட்டும், மணி அடித்ததும் திருப்பி வைக்கட்டும். கேள்வி கேட்காதீர்கள். கொண்டுவரும் பழக்கத்தைப் பற்றிக் காலையிலோ வீட்டுக்குப் போகும் முன்போ பேசிக்கொள்ளலாம்.

உட்காரும் இடமும் முக்கியம். வாசல் ஓரம், ஜன்னல் ஓரம், பின் பெஞ்சு இந்த மூன்றும் அவனுக்கு ஆகாது. முன் பெஞ்சில் உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை, சிலர் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே பீரியடை ஓட்டிவிடுவார்கள். ஆசிரியர் நடமாடும் பாதையில், கை எட்டும் தூரத்தில், கத்தாத ஒரு பிள்ளையின் பக்கத்தில் என்றால் நல்லது.

சொல்லும் விதம்

முதலில் எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னது யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவனிடம் மட்டும் சேராது. கையைத் தட்டலாம், மேசையைத் தட்டலாம், ஒன்றுமே பேசாமல் நிற்கவும் செய்யலாம், வகுப்பு பழகிவிட்டால் இந்தக் கடைசி வழிதான் நன்றாக வேலை செய்கிறது.

அந்த ஏழு கட்டளையைப் பிரியுங்கள். “சிவப்பு நோட்டு.” நிறுத்துங்கள். நோட்டுகள் பெஞ்சுமேல் வரட்டும். “நேத்து எழுதின பக்கம்.” மறுபடி நிறுத்துங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, அதிகம் பேர் பேச முன்வந்தார்கள். அவர் பார்த்தது கேள்விகளை, ஆனால் கட்டளைக்கும் இந்தப் பொறுமை பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்று விநாடி என்பது ஆசிரியருக்கு யுகம் மாதிரி இருக்கும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

சொன்னதைக் கரும்பலகை ஓரத்திலும் எழுதிவிடுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். ‘சிவப்பு நோட்டு. பயிற்சி 2.1. கணக்கு 1, 2, 3. 11:20 வரை.’ இது தினமும் அதே மூலையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். காதில் விழுந்தது காற்றோடு போய்விட்டாலும் கண்ணால் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருந்தால், பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும் அவசியமும் காப்பி என்ற பழியும் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் சின்ன வகுப்பு என்றால் நோட்டு, பென்சில், எழுதும் கை என்று மூன்று படம் வரைந்து ஒட்டிவிடலாம்.

“புரிஞ்சுதா?” என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்” என்று வகுப்பே இழுத்துப் பாடும், அதில் அவன் குரல்தான் பலமாகக் கேட்கும். அதற்குப் பதிலாக, “முதல்ல என்ன பண்ணப்போறோம்? யார் சொல்றீங்க?” என்று இரண்டு பேரைக் கேட்டுவிட்டு, மூன்றாவதாக அவனைக் கேளுங்கள். அதற்குள் சரியான பதிலை இருமுறை கேட்டிருப்பான், அவனும் சரியாகச் சொல்லிவிடுவான். தன் வாயால் சொன்னது கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், எல்லார் முன்னாலும் விழிக்கும் அவமானமும் இல்லை.

ஆங்கில வழி வகுப்பாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கு, பாடம் ஒருபுறம் இருக்க, கட்டளையே புரியாமல் போகலாம். அவன் முழிப்பதைக் கவனக் குறைவு என்று எழுதிவிடுவது சுலபம். கட்டளையை மட்டும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், உடனே எழுத ஆரம்பித்தால் விஷயம் வேறு.

முதல் அடி

முதல் அடி ரொம்பச் சின்னதாக இருக்க வேண்டும், சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக. “மூணு கணக்கையும் போடு” என்பது வேலை. “தேதி போட்டுட்டு ஒன்றுன்னு நம்பர் போட்டு வட்டம் போடு, நான் இதோ வர்றேன்” என்பதுதான் முதல் அடி. அதற்கு யோசிக்க ஒன்றும் இல்லை, தப்பாகப் போகவும் வழியில்லை. பேனா காகிதத்தில் பட்டு நகர ஆரம்பித்துவிட்டால் அடுத்த வரிக்குப் போவது ஒப்பிட்டுப் பார்க்கையில் லேசு.

கணக்கில் இதைச் செய்ய இன்னும் நல்ல வழி, முதல் கணக்கை வகுப்போடு சேர்ந்து கரும்பலகையில் போடுவது. பிள்ளைகளும் அதே நேரத்தில் அவரவர் நோட்டில் எழுதட்டும். அப்புறம் இரண்டாவதைத் தனியாகப் போடச் சொன்னால், அவன் பக்கம் காலியாக இல்லை, மேலே ஒரு மாதிரி இருக்கிறது. தமிழ்க் கட்டுரைக்கு முதல் வாக்கியத்தில் பாதியைக் கொடுங்கள்: “எங்கள் ஊர்ச் சந்தையில் நான் முதலில் பார்ப்பது...” மீதியை அவன் எழுதட்டும். படைப்பாற்றல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், வேண்டுமானால் அடுத்த வரியிலிருந்து அதைத் தேடிக்கொள்ளலாம்.

கேள்வியை முழுசாக எழுதிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்ற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்வி மூன்று வரி, பதில் ஒரு வரி. கவனம் சிதறும் பிள்ளையின் பலமெல்லாம் அந்த மூன்று வரியிலேயே கரைந்துவிடும், பதிலுக்கு வரும்போது கை ஓய்ந்திருக்கும். கேள்வி எண்ணை மட்டும் எழுதிப் பதிலை எழுத விடுங்கள். நோட்டு திருத்த வரும் மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்கிறீர்களா? புத்தகத்தில் அச்சாகியிருப்பதை மறுபடி எழுதுவதில் என்ன கற்றல் இருக்கிறது என்று நாமும் கேட்கலாம்தானே.

முதல் அடியைக் காட்டிய பிறகு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது அவனை முடக்கிவிடும். நகர்ந்துவிடுங்கள், ஆனால் ஒரு நிமிஷத்துக்குள் திரும்பி வாருங்கள். வட்டம் போட்டிருந்தால், “ம், ஆரம்பிச்சுட்ட, அடுத்தது” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போங்கள். “வெரி குட், இன்னிக்கு சமர்த்துப் பையன்” என்பதைவிட, என்ன செய்தான் என்பதைச் சொல்வது மேல். அவன் திரும்பச் செய்ய வேண்டியது ஆரம்பிப்பதைத்தான், அதையே குறிப்பிட்டுச் சொல்லும்போது அவனுக்கும் பிடி கிடைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாக இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகையும் வைத்துக்கொள்ளலாம், பெஞ்சு மூலையில் விரலால் தட்டுவது மாதிரி.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, பிள்ளை தானே தனக்குச் சொல்லிக்கொள்வது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விளக்கிய ஓர் எளிய உத்தி இது. “நான் சீக்கிரம் ஆரம்பிப்பேன்” என்ற பொதுவான தீர்மானம் அவ்வளவாகப் பயன் தராது, “இது நடந்தால் நான் அதைச் செய்வேன்” என்று முடிச்சுப் போட்ட தீர்மானம் கூடுதலாகப் பயன் தரும் என்பது அவருடைய வாதம். கத்தரீனா கவ்ரிலோவுடன் சேர்ந்து அவர் 2008ல் வெளியிட்ட ஆய்வில், கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளும் இப்படி முன்கூட்டியே முடிவு செய்துகொண்டபோது தங்களை அடக்கிக்கொள்வதில் முன்னேற்றம் காட்டினார்கள். நம் வகுப்புக்கு இதை இறக்கினால் இப்படி இருக்கும்: “மிஸ் போர்டுல நேரம் எழுதினதும் நான் பேனா மூடியைக் கழட்டுவேன்.” இதை அவனே சொல்ல வேண்டும், ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பா மூடிக்குள் ஒட்டிக்கொள்ளட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தீர்மானம் போதும். பத்து தீர்மானம் எழுதினால் அது இன்னொரு பள்ளி விதிமுறைப் பலகை ஆகிவிடும்.

விளையாட்டுப் பீரியடும் மதிய உணவும் முடிந்து வரும் வேளை தனிக் கஷ்டம். உடம்பு இன்னும் மைதானத்தில் இருக்கும். உள்ளே வந்த உடனே எழுதச் சொல்லாமல், நோட்டுக் கட்டை விநியோகிப்பது, கரும்பலகையை அழிப்பது மாதிரி எழுந்து நடக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்கு மாறும்போதும், “இன்னும் ரெண்டு நிமிஷத்துல நோட்டை மூடப்போறோம்” என்று முன்னாலேயே ஒரு வார்த்தை.

செய்யக் கூடாதவற்றை நீட்டி முழக்கப் போவதில்லை. வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பெயர் எழுதுவது, தம்பியையோ பக்கத்துப் பெண்ணையோ காட்டி ஒப்பிடுவது, விட்டதை இன்டர்வெல்லில் உட்கார்ந்து முடிக்க வைப்பது எல்லாம் பயனில்லாதவை. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கெடுதல், ஓடியாடினால் கொஞ்சம் தெளியக்கூடிய பிள்ளையிடமிருந்து அந்த ஓட்டத்தையே பிடுங்குவது அது.

நாற்பது பேரை வைத்துக்கொண்டா?

இதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கும், நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவனுக்காக எங்கே நிற்பது என்று ஆசிரியர்கள் கேட்பது சரிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஓர் ஆசிரியருக்குத் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகள், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகள் என்று விகிதம் சொல்கிறது. எத்தனை வகுப்பறை அப்படி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மேலே சொன்னதில் பெரும்பகுதி ஒருவனுக்காகத் தனியாகச் செய்ய வேண்டியது இல்லை. கலர் டேப், கரும்பலகை மூலை, பிரித்துச் சொல்வது, சேர்ந்து போடும் முதல் கணக்கு எல்லாம் மொத்த வகுப்புக்கும் ஒரேயடியாகச் செய்வது, இன்னும் ஏழெட்டுப் பேருக்காவது அது சத்தமில்லாமல் உதவும். அவனுக்கென்று தனியாகச் செய்வது அந்த முதல் அடியும், ஒரு நிமிஷத்தில் திரும்பிப் போய்ப் பார்ப்பதும் மட்டும்தான்.

இன்னொன்று, தொடக்கத்தை வகுப்பின் அமைப்பிலேயே வைப்பது நமக்குப் புதுசும் இல்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பிள்ளை சுவரில் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்ப்பாள், தன் படியில் எந்தப் படம் இருக்கிறது என்று பார்த்து அந்தப் படம் போட்ட அட்டையைத் தானே எடுப்பாள், எந்தக் குழுவோ அங்கே போய் உட்காருவாள். அந்த முறைமேல் குறைகளும் சொல்லப்பட்டன, அது வேறு விவாதம். ஆனால் ‘இப்போது நான் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் ஆசிரியர் வாயில் இல்லாமல் சுவரில் இருந்தது, கவனம் சிதறும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

இந்த உதவிகளை எவ்வளவு நாள் கொடுப்பது? ஒரு பிள்ளை சில வாரங்களாகச் சொல்லாமலே நோட்டை எடுக்கிறான் என்றால் அந்த ஒன்றை மட்டும் விலக்கிப் பாருங்கள், மற்றதெல்லாம் இருக்கட்டும். விலக்கியதும் பழையபடி ஆனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டவனிடம் ‘எவ்வளவு நாள்தான் போடுவாய்’ என்று நாம் கேட்பதில்லை.

வேறு ஏதாவது காரணமா?

தொடங்கத் தயங்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு, இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா, ஒரு காது சரியாகக் கேட்கவில்லையா, இரவு பதினோரு மணி வரை மொபைலா, காலையில் சாப்பிடாமல் வந்தானா, ரத்தசோகையா, வீட்டில் சண்டையா என்று முதலில் பார்க்க வேண்டியது நிறைய. இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்: பேச்சின் நடுவிலேயோ எழுதும்போதோ சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்து உறைந்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு ‘ஆப்சென்ஸ்’ வகை வலிப்பு இருக்கலாம். ஒரு நாளில் பலமுறை வரும். கனவு காண்கிறாள் என்று வகுப்பே சிரிக்கும், ஆனால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்வது ஆசிரியரின் வேலை அல்ல. 2013ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, கவனக் குறைவின் ஒன்பது அறிகுறிகளிலோ துறுதுறுப்பின் ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், பள்ளியில் மட்டுமோ வீட்டில் மட்டுமோ இல்லாமல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். துறுதுறுவென்று ஓடும் பையன்கள் சீக்கிரம் கண்ணில் படுவார்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல், எழுதுவது போலவே குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் பல வருடம் யார் கண்ணிலும் படாமலே போய்விடுவார்கள். அவர்கள் நோட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். “உங்க பொண்ணு நல்லா பதில் சொல்றாம்மா, ஆனா எழுத ஆரம்பிக்கத்தான் ரொம்ப நேரம் ஆகுது, வீட்டுலயும் அப்படியா?” என்று கேட்டால் அம்மா மனம்விட்டுப் பேசுவார். மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற குழந்தை நலத் திட்டம் 2013ல் தொடங்கியது; அதன் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கும்போது பார்க்கும் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. அங்கிருந்து மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே செலவில்லாமல் பார்க்கலாம். தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் தொடங்கி, அவர் சொல்லும் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போகலாம்.

போகும்போது கையில் ஆசிரியரின் ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. ‘கவனிப்பதில்லை’ என்று எழுதிய டைரியைக் காட்டுவதால் பயனில்லை. எந்தப் பீரியடில், என்ன வேலை, சொல்லி முடித்ததிலிருந்து முதல் வரி எழுத எத்தனை நிமிஷம், நடுவில் என்ன செய்தாள், முதல் கணக்கைச் சேர்ந்து போட்ட நாளிலும் போடாத நாளிலும் என்ன வித்தியாசம் என்று இரண்டு வாரம் குறித்து, நோட்டின் அந்தப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே வைத்துக் கொடுங்கள்.